பள்ளிக்கூடத்துக்குக் குதிரை செய்ய வேளார் வீட்டுக்குப் போனோம்

பிள்ளைகள் தங்கள் கையாலேயே ஒரு பெரிய சிலை செய்து பள்ளிக்கூட வாசலில் நிறுத்த வேண்டும் என்று தேடியபோது, போன இரண்டு இடங்களிலும் 'நாங்க செஞ்சு தர்றோம், பிள்ளைங்க வண்ணம் பூசட்டும்' என்றே சொன்னார்கள். காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் அய்யனார் கோயில்களுக்குப் புரவி, அதாவது மண்குதிரை, செய்யும் குயவரான இந்த வேளார் ஐயா மட்டும்தான், "மண்ணு மிதிக்கிறதுல இருந்து வரணும், சம்மதமா?" என்று கேட்டார்.

26 பிள்ளைகள், ஐந்தடிக் குதிரை, ஒன்பது சனிக்கிழமை. முதல் வாரம் முழுக்க மிதிதான். கண்மாய் மண்ணோடு மணலும் உமியும் சேர்த்தார்கள். சூளையில் உமி எரிந்துபோன இடமெல்லாம் பொடித்துளையாகி ஆவிக்கு வழிவிடும், இல்லாவிட்டால் வெடித்துவிடும் என்று ஐயா மண்ணை உடைத்துக் காட்டியே சொன்னார்.

அப்புறம் கால்கள். உள்ளே கூடாக, நாலு காலுக்கு நாலு குழு. கீழே போட்ட மண் இறுகிய பிறகுதான் மேலே ஏற்ற வேண்டும், ஆனால் ஒரு குழு ஆசைப்பட்டு ஒரே நாளில் இரண்டு சாண் ஏற்றிவிட, கால் பிதுங்கிச் சாய்ந்தது. ஐயா கை வைக்கவில்லை. "பிரிச்சுருங்க அப்பு, மத்த மூணும் காத்திருக்கும்" என்றார். நாலும் ஒரே ஈரத்தில் இருந்தால்தான் மேலே வயிறு விரிசல் விடாமல் உட்காருமாம். மற்ற மூன்று குழுவும் தங்கள் காலை ஈரச் சாக்கால் மூடிவிட்டு, கேட்காமலேயே அந்தக் காலுக்கு மண் உருட்டப் போனார்கள். பத்து வருடமாக ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன், வகுப்பில் குழுவேலை கொடுத்து இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

குறையும் உண்டு. இத்தனை பேருக்கு நிழல் போதாது, போனில் பிடிப்பது கஷ்டம், மழை வந்தால் தேதி தள்ளும். மண்குதிரைகளைக் கோயிலுக்குத் தூக்கிச் செல்லும் புரவி எடுப்புத் திருவிழா நெருங்கும் நேரத்தில் போகவே போகாதீர்கள், கோயில் வேலைதான் அவருக்கு முதலில், அது சரியும்கூட. அவரிடம் போகும் முன் புதுக்கோட்டை மாவட்டத்து நமணசமுத்திரம் அய்யனார் கோயில் மண்குதிரைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள், பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கும்.

தலையைத் தனியாகச் சுட்டுக் கொடுத்தார், அதனால் மினி லாரியில் வைக்கோல் பரப்பி ஏற்றி வருவது சுலபமாக இருந்தது. கழுத்தில் புகை பட்டுக் கறுத்த திட்டு ஒன்று இருக்கிறது. காவி பூசி மறைக்கலாமா என்று கேட்டேன், பிள்ளைகள் 26 பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.