வஞ்சிரமா, மத்தியா, பால்சுறாவா? கர்ப்பிணி இருக்கும் வீட்டின் மீன் கணக்கு

தங்கைக்கு இது ஐந்தாம் மாதம். "அவளுக்கு நல்ல மீனா பார்த்து வாங்கிட்டு வா" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் நல்ல மீன் என்றால் வஞ்சிரம். பிள்ளை பிறந்தபின் பால் ஊறுவதற்குப் பால்சுறா புட்டு. மத்தியும் நெத்திலியும் மாதக் கடைசியில் வாங்குவது. பாதரசத்தை வைத்துப் பார்த்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது.

தண்ணீரில் கலந்த பாதரசத்தை நுண்ணுயிரிகள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது பாசியில் ஏறி, பாசியைத் தின்னும் சிறு மீனில் சேர்ந்து, சிறு மீனைத் தின்னும் பெரிய மீனில் குவிகிறது. மீனுக்கு வயது கூடக் கூட அளவும் கூடும். சதையோடு ஒட்டிக்கொள்வதால் மஞ்சள் போட்டுக் கழுவினாலும், தோலை உரித்தாலும், புளியில் கொதிக்கவிட்டாலும் போகாது. தாயிடமிருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டி வளரும் குழந்தையின் மூளைவரை போகும். 1956இல் வெளியே தெரிந்த ஜப்பானின் மினமாட்டா பாதிப்பில், பெரிதாக எந்த அறிகுறியும் இல்லாத தாய்மாருக்குக்கூட மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன. எனக்குப் பதைப்பு தருவது இதுதான்.

சரி, மீனுக்கு மீன் எவ்வளவு வித்தியாசம்? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அளவீட்டுச் சராசரிப்படி ஒரு கிலோ மத்தியில் 0.013 மில்லிகிராம், நெத்திலியில் 0.016, சுறாவில் 0.979. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் (மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வார வரம்பு வைத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 96 மைக்ரோகிராம். அந்தச் சுறாவில் 100 கிராம் சாப்பிட்டாலே வரம்பு தாண்டிவிடும். மத்தி என்றால் 7 கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும்!

பால்சுறா சின்ன ரகம் என்பதால் பெரிய சுறாவின் அளவு அதில் இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாய்ப்பால் வழியாகப் போவதும் கருவில் போவதைவிடக் குறைவுதான். ஆனால் துண்டுபோட்டு விற்கும் சுறாவில் எது பிஞ்சு, எது முற்றியது என்று நம்மால் சொல்ல முடியாது. புட்டுக்கு வேறு மீனை வேகவைத்து உதிர்த்துக்கொள்ளலாம் என்பதே என் கட்சி.

வஞ்சிரத்தில்தான் குழப்பம். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டியவை என்று அமெரிக்கா சொல்லும் பட்டியலில் உள்ள கிங் மேக்கரல் நம் வஞ்சிரம் அல்ல, அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு மீன். ஆனாலும் நம்முடையதும் மற்ற மீன்களைத் தின்று ஒரு மீட்டருக்கு மேல் வளர்வது. தட்டு அகலத்துக்குத் துண்டு விழும் பெரிய வஞ்சிரத்தைப் பிரசவம்வரை விட்டுவிடலாம். சின்னது எப்போதாவது போதும். சூரையில் பாதரசம் மத்திக்கும் சுறாவுக்கும் நடுவில்.

பயந்துபோய் மீனையே நிறுத்துவது இன்னொரு வழி. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குழந்தையின் மூளைக்கு வேண்டிய ஒமேகா-3 மத்தியில் நிறைய இருக்கிறது. அதே அமெரிக்க அறிவுரை, பாதரசம் குறைந்த மீனைக் கர்ப்பிணிகள் வாரம் இரண்டு, மூன்று வேளை சாப்பிடச் சொல்கிறது. உடம்பில் ஏறிய மெத்தில் பாதரசம் பாதியாகக் குறையவே ஒன்றரை, இரண்டு மாதமாகும். அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மீனை மாற்றிக்கொள்வது நல்லது.

அப்புறம், வீட்டிலிருந்த பழைய கண்ணாடித் தெர்மாமீட்டருக்குப் பதில் டிஜிட்டல் வாங்கிவிட்டேன். பழையதில் இருக்கும் பாதரசம் விழுங்கினால் அவ்வளவாக உடம்பில் சேராது. உடைந்து சிதறி, ஆவியை மூச்சில் இழுத்தால்தான் ஆபத்து. உடைந்தால் துடைப்பத்தால் கூட்டாமல், ஜன்னலைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டும்.

மத்தியில் முள் அதிகம் என்று தங்கை முகம் சுளித்தாள். அதனால் இந்த வாரம் நெத்திலி. முள்ளோடு மென்றுவிடலாம், சுண்ணாம்புச்சத்தும் சேரும். அம்மா உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருக்கிறார்.