யூடியூப், ஸூம், ஐம்பது பேர் ஆராதனை: தமிழ்ச் சபைக்கு எது கைகொடுக்கும்?

சிங்கப்பூரில் கொவிட்-19 தொற்றால் 2020 மார்ச் 26 இரவு 11.59 மணியோடு சமயக் கூட்டங்கள் எல்லாம் நின்றன. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர், அதாவது எல்லாரும் வீட்டோடு இருக்க வேண்டிய முடக்கம். புனித வெள்ளியும் ஈஸ்டரும் அதற்குள்ளேயே வந்து போயின. ஜூன் 2 முதல் தனி ஜெபத்துக்கு ஒரே சமயத்தில் ஐந்து குடும்பங்கள், ஜூன் 26 முதல் 50 பேர், டிசம்பர் 28 முதல் ஐம்பது ஐம்பதாகப் பிரித்து 250 பேர்வரை ஆராதனை. 2021 மே மாதம் எண்ணிக்கை மறுபடி இறங்கியது. அந்தக் கட்டுப்பாடுகள் இப்போது இல்லை. அப்படி ஒரு காலம் மறுபடி வந்தால், அறிவிப்புக்கு ஒரு திட்டம் போடும் சபைக்கு மூன்றாவது அறிவிப்பிலேயே ஆள் களைத்துவிடும்.

ஆகவே ‘யூடியூபா, ஸூமா, நேரிலா’ என்ற கேள்வியை ஆராதனை முழுவதுக்கும் சேர்த்துக் கேட்கக் கூடாது. பிரசங்கத்துக்கு எது, ஜெபத்துக்கு எது, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு எது என்று பிரித்துக் கேட்டால் விடை தெளிவாகிவிடும். 150 பேர் வரும் தமிழ்ச் சபை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள்: வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள், தனியாக இருக்கும் பாட்டிமார், வெளிநாட்டு ஊழியர் விடுதியில் தங்கும் தம்பிகள், ஞாயிறு மட்டும் விடுப்புள்ள பணிப்பெண்கள்.

பிரசங்கம், பாட்டு: யூடியூப்தான்

இதில் நேரலையைவிட முன்கூட்டியே பதிவு செய்து வைப்பது மேல். வெள்ளி இரவு பதிவு செய்து, ஞாயிறு 9.30க்கு எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்கும்படி ஏற்றிவிடலாம். இணையம் அறுந்தாலும் ஆராதனை நிற்காது. நேரலைதான் வேண்டுமென்றால் 720பி தரத்துக்கு நொடிக்கு 4 மெகாபிட் அளவில் அனுப்ப வேண்டியிருக்கும். கையில் அதைப்போல் இரண்டு மடங்கு பதிவேற்ற வேகம் இருக்கட்டும். வைஃபையை நம்பாமல் கேபிள் செருகுங்கள். புதுச் சேனலில் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம்வரை ஆகும். சனிக்கிழமை இரவு அதைக் கண்டுபிடித்தால் ஞாயிறு காலை ஒன்றும் செய்ய முடியாது.

கேமராவுக்குச் செலவழிப்பதற்கு முன் மைக்குக்குச் செலவழியுங்கள். ஆள் இல்லாத ஆலயத்தில் குரல் சுவரில் மோதித் திரும்பும். எட்டத்தில் வைத்த கைபேசியில் பதிந்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். சட்டையில் மாட்டும் மைக், தாடையிலிருந்து ஒரு சாண் கீழே: பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். படம் கொஞ்சம் மங்கினால் யாரும் எழுந்து போவதில்லை, சத்தம் தெளியாவிட்டால் போய்விடுவார்கள்.

பாட்டில் ஒரு கண்ணி உண்டு. ஆலயத்துக்குள் பாட வாங்கிய உரிமம் இணையத்தில் ஒளிபரப்புவதற்குச் செல்லாது. அதற்குத் தனி உரிமம். புதுப் பாடல்களின் ஒலிப்பதிவைப் பின்னால் ஓடவிட்டால் யூடியூப் அடையாளம் கண்டு உரிமைக் கோரிக்கை அனுப்பும், சில வேளை சத்தத்தையே நிறுத்திவிடும். பழைய பாமாலைகளை நீங்களே வாசித்துப் பாடுவது ஆபத்துக் குறைவான வழி.

ஜெபம், விசாரிப்பு: ஸூம், ஆனால் சிறு குழுவாக

முழு ஆராதனையை ஸூமில் நடத்துவது வேலைக்காகாது. பரமண்டல ஜெபத்தைச் சேர்ந்து சொல்ல முயன்று பாருங்கள். ஒருவர் முடிக்கும்போது இன்னொருவர் இரண்டு சொல் பின்னால் நிற்பார், மூன்றாமவர் வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். குரல் போய்ச் சேரும் தாமதம் வீட்டுக்கு வீடு வேறு; பயிற்சியால் அது சரியாகாது. எல்லாரையும் மியூட் செய்து ஒரே குடும்பம் உரக்கச் சொல்லட்டும், மற்றவர்கள் தத்தம் வீட்டில் சேர்ந்து சொல்லட்டும். பாட்டுக்கும் இதே விதி. இன்னொன்று: ஸூம் பேச்சைத் தவிர மற்றதையெல்லாம் இரைச்சல் என்று வடிகட்டும். தபேலா காணாமல் போகும், கீபோர்டு விட்டு விட்டுக் கேட்கும். வாசிப்பவர் தன் ஸூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ வசதியைப் போட்டால்தான் அவை கேட்கும்.

எட்டு முதல் பன்னிரண்டு பேர் கூடும் ஜெபக்குழுவுக்கோ இதைவிட நல்லது இல்லை. இலவசக் கணக்கின் 40 நிமிட வரம்புகூட நன்மைதான், ஜெபக்குறிப்பு சொற்பொழிவாகாது. காத்திருப்பு அறையும் கடவுச்சொல்லும் கட்டாயம். 2020 ஏப்ரலில் மாணவர்கள் வீட்டிலிருந்து கற்றபோது ஒரு ஸூம் வகுப்பில் அந்நியர் புகுந்ததால், ஆசிரியர்கள் அதைப் பயன்படுத்துவதைக் கல்வி அமைச்சே சில நாள் நிறுத்திவைத்தது. ஜெபக்குழுவை ஒருபோதும் பதிவு செய்யாதீர்கள். அங்கே ஒருவர் தன் மருத்துவ அறிக்கையைப் பற்றிச் சொல்வார், இன்னொருவர் மகனின் கடனைப் பற்றிச் சொல்வார்.

விடுதித் தம்பிகளுக்கு இரண்டுமே சுமை. டேட்டா குறைவு, வேலை நேரம் வேறு. பிரசங்கத்தின் ஒலியை மட்டும் 32 கிலோபிட் மோனோவாகச் சுருக்கினால் 25 நிமிடம் சுமார் 6 எம்பிதான். அதே நேரக் காணொளி நூறு எம்பியைத் தாண்டக்கூடும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். ‘பிராட்காஸ்ட்’ பட்டியலில் 256 பேர்வரை சேரலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். முதல் வாரம் பாதிப் பேருக்கு வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நேரில்: வாசலைப் பாருங்கள்

ஐம்பது பேர்தான் என்ற வரம்பு வந்தால் 50 இருக்கை, 150 பேர். இணைய முன்பதிவைத் திறந்துவிட்டால் விரல் வேகமுள்ள அதே நாற்பது பேர் வாராவாரம் வருவார்கள். சபைப் பதிவேட்டின்படி மூன்று குழுவாகப் பிரித்து வார முறை வைப்பதே நியாயம். அதிலும் ஐந்து இடம் கைபேசி பழகாதவர்களுக்கு, தொலைபேசியில் அழைத்துத் தர வேண்டும். ஒரு நீண்ட ஆராதனையைவிட 45 நிமிட ஆராதனை இரண்டு நல்லது. நடுவே துடைக்கவும் காற்றாடவும் முக்கால் மணி நேரம்.

2020 ஜனவரி 19 அன்று இங்குள்ள ஓர் ஆலயத்தில், பின்னர் தொற்று உறுதியான இருவர் உட்கார்ந்த அதே இடத்தில் அன்றே பிறகு உட்கார்ந்த ஒருவருக்கும் தொற்று ஏற்பட்டது; கண்காணிப்புக் கேமராப் பதிவில் அது தெரிந்தது. அந்த இருவருக்கும் அப்போது அறிகுறி இல்லை. வெப்பநிலை பார்ப்பது மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பாட்டைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்த பாடகர் குழுவில் 61 பேரில் 53 பேர் நோயுற்றனர் (33 பேருக்கு உறுதியானது, 20 பேருக்கு இருக்கலாம் என்று கணிக்கப்பட்டது), இருவர் இறந்தனர். அதனால் ஆலயத்தில் வாத்தியம் மட்டும் இசைக்கட்டும், சபையார் வரிகளைத் திரையில் வாசிக்கட்டும். சுவரில் மாட்டிய ஏசி உள்காற்றையே சுற்றவிடும். குளிர்ந்தால் காற்று மாறியது என்று ஆகாது. கரியமில வாயு அளக்கும் சிறு கருவியை வையுங்கள். வெளியே 420 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கும், உள்ளே 800ஐத் தாண்டினால் ஜன்னலைத் திறக்க வேண்டியதுதான்.

உள்ளே எல்லாரும் ஒழுங்காக உட்காருவார்கள். சிக்கல் முடிந்த பிறகுதான்: ஸ்தோத்திரம் சொல்லிக் கை குலுக்குவது, வாசலில் தேநீர், பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளுவது. பின் வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக வெளியே அனுப்புங்கள், தேநீரை அறவே விடுங்கள்.

திருவிருந்தில் சபைக்குச் சபை ஒழுங்கு வேறு. கத்தோலிக்கர் வீட்டில், அப்பம் வாங்காமல் மனத்தால் மட்டும் பெறும் ஆன்மிக நற்கருணை ஜெபத்தோடு நிறுத்திக்கொள்வர். திரைவழித் திருவிருந்து தகுமா என்பதை மற்றவர்கள் தங்கள் பேராயரிடமே கேட்க வேண்டும். நேரில் என்றால் அப்பமும் ரசமும் ஒன்றாக அடைத்த சிறு கிண்ணம் சுத்தமானது. ஆனால் மேல் தாள் அப்பத்துக்கு, கீழ்த் தாள் ரசத்துக்கு. விரல் நடுங்கும் பெரியவர்கள் இரண்டையும் சேர்த்துக் கிழித்து வெள்ளைப் புடவையில் கொட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கு அப்பம் ஒரு கிண்ணத்தில், ரசம் ஒரு கிண்ணத்தில் என்று தனியாகவே வையுங்கள்.

காணிக்கைக்கு பேநவ் என்னும் உடனடி வங்கிப் பணமாற்று வசதி. கியூஆர் குறியீட்டைத் திரையில் காட்டினால் தொலைக்காட்சியில் பார்ப்பவர் ஸ்கேன் செய்வார். கைபேசியிலேயே பார்ப்பவர் எதைக் கொண்டு ஸ்கேன் செய்வது? சபையின் பதிவு எண்ணை எழுத்தாகவும் அனுப்புங்கள். குறிப்புப் பகுதியில் தசமபாகமா, கட்டட நிதியா என்று ஒரு சொல் போடச் சொல்லாவிட்டால் பொருளாளர் மாதக்கடைசியில் திண்டாடுவார்.

இது எதிலும் அகப்படாதவர் தனியாக இருக்கும் பாட்டி. சபையாரில் ஒருவருக்கு ஆறு வீடு என்று பிரித்து வாரம் இரு முறை தொலைபேசியில் பேசுங்கள். கட்டுப்பாடு தளரும்போது முதலில் ஸூம் ஜெபக்குழுவை நிறுத்தலாம், அடுத்து இரண்டாம் ஆராதனையை. இந்தத் தொலைபேசிப் பட்டியலையும் வாட்ஸ்அப் ஒலிப்பதிவையும் கடைசிவரை கை வைக்காமல் விடுங்கள்.