கள்ளுக்கடைச் சண்டைக்கு டி அண்ட் டி விதிகள் தாங்குமா?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்பது ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. அதன் 2014 பதிப்பு விதிகளை அப்படியே வைத்து ஒரு கடைச் சண்டையை நடத்திப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள். ஸ்ட்ரெங்த் (உடல் வலு) 16 உள்ள ஃபைட்டரின் வெறுங்கைக் குத்து 1, வலுவுக்காக +3, அதாவது 4 டேமேஜ். காமனருக்கு, அதாவது சாதாரண ஆளுக்கு, ஹிட் பாயிண்ட்டே (தாங்கும் டேமேஜ்) 4தான். ஒரே குத்தில் ஆள் காலி. வாசலில் நிற்கும் அடியாளுக்கு விதிகளில் உள்ள தக் (ரவுடி) கணக்கை எடுத்தால் ஹிட் பாயிண்ட் 32, ஆர்மர் கிளாஸ் (அடி விழப் பகடையில் எட்டவேண்டிய எண்) 11. எட்டுக் குத்து விழவேண்டும். முதல் லெவலில் நாலுக்கு ஒன்று தவறும் என்பதால் பதினோரு ரவுண்டு இழுக்கும். நடுவில் விசார்ட் ஸ்லீப் என்ற தூக்க மந்திரம் போட்டால் 5டி8 (எட்டு முகப் பகடை ஐந்து), சராசரி 22. அத்தனை ஹிட் பாயிண்ட் அளவுக்கு ஆட்கள் தூங்கிவிடுவார்கள். ஐந்து காமனர்கள் தரையில், சண்டை அத்தோடு முடிந்தது.

டேவர்ன் பிராலர் என்ற ஃபீட் (பாத்திரம் எடுத்துக்கொள்ளும் சிறப்புத் திறன்) இதைக் கொஞ்சம் தேற்றுகிறது. 2014இல் வெறுங்கைக்கு 1டி4, கையில் கிடைத்த பொருளால் அடிக்கத் தேர்ச்சி, அடி விழுந்தால் போனஸ் ஆக்‌ஷனில் (கூடுதல் செயல்) கிராப்பிள், அதாவது ஆளைப் பிடித்துக்கொள்வது. 2024 பதிப்பில் கிராப்பிள் போய், குத்து விழுந்தால் எதிராளியை 5 அடி தள்ளலாம் என்று வந்திருக்கிறது. நம் ஓட்டு 2024க்கு. தள்ளினால்தான் பெஞ்சும் பானையும் சண்டைக்குள் வரும். வெறுங்கையால் சண்டை போடும் மாங்க் மட்டும் யோசித்து எடுக்கட்டும்: 2024இல் முதல் லெவலிலேயே அவருக்கு 1டி6 உண்டு, ஃபீட்டின் 1டி4 வீண்.

மீதியை ஆட்டத்தை நடத்தும் டிஎம்தான் கட்டவேண்டும். ஹிட் பாயிண்ட்டை ஓரங்கட்டிவிட்டு புளியங்கொட்டை வையுங்கள்: ஆட்டக்காரருக்கும் அடியாளுக்கும் 3, மற்றக் குடிமகன்களுக்கு 1. குத்து விழுந்தால் ஒன்று போகும். பானை, பெஞ்ச் என்றால் இரண்டு, பொருள் உடைந்துவிடும். ஃபீட் இல்லாதவருக்குப் பொருளால் அடிக்கும்போது ப்ரொஃபிஷியன்ஸி (தேர்ச்சி) கிடையாது, அதனால் அதிகம் தவறும். ஃபீட்டுக்கு இங்கேதான் மதிப்பு. மந்திரத்துக்கும் ஒரே கொட்டைதான், ஸ்லீப்பானாலும் சரி. கூட்டத்துக்கு ஆளாளுக்கு இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்ற வரிசைக்கான பகடை) போடாதீர்கள், ஆட்டம் செத்துவிடும். ரவுண்டு முடிவில் ஒரு டி6 போதும். 1 விழுந்தால் பாட்டில் பறக்கும், டெக்ஸ்டெரிட்டி சேவ் (சுறுசுறுப்பால் தப்பிக்கும் பகடை) 12. 6 விழுந்தால் விளக்கு அணையும், எல்லாருக்கும் டிஸ்அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). ஆறாவது ரவுண்டில் சிவப்புத் தொப்பிப் போலீஸ் வந்துவிடும். புதுச்சேரியில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கடலூரிலிருந்து வரும் ஆட்டக்காரர்கள் டாஸ்மாக்கை மனதில் வைத்திருப்பார்கள். கம்பிக்குப் பின்னால் கவுன்ட்டர் இருந்தால் எதைத் தூக்கி எறிவது? வில்லியனூர்ப் பக்கக் கள்ளுக்கடை மாதிரி பெஞ்ச், பானை, ஊறுகாய்த் தட்டு என்று வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.

பெரும்பாலும் கெடுவது ஓர் இடத்தில்தான்: யாராவது கத்தியை உருவுவார்கள். உருவினால் கொட்டை ஆட்டம் ரத்து, நிஜக் காம்பாட் என்று முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். இல்லையென்றால் மிச்ச செஷன் முழுக்கக் கொலைக் கேஸ்தான்.

காமனர், தக், ஸ்லீப் மூன்றும் எஸ்ஆர்டி 5.1 என்ற இலவச விதித் தொகுப்பிலேயே இருக்கின்றன. டேவர்ன் பிராலர் அதில் இல்லை. ஆனால் அந்த ஒரு ஃபீட்டுக்காக 2024 புத்தகத்தை வாங்க வேண்டாம்.