குருமடமா, தத்துவப் பட்டமா, கீபோர்டா? கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வருவது மே மாதத்தில். நம் இராமநாதபுரம் கடற்கரைக்கு அது மீன்பிடித் தடைக்காலத்தின் நடுமையம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். கல்லூரிக்காரர்கள் கட்டணம் கேட்பதும் அதே நேரத்தில்தான். பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் பக்கத்து வீடுகளில் ‘கோயில் படிப்பு’ பற்றிய பேச்சு அடிபடுவதும் அப்போதுதான். பையன் பீடச்சிறுவனாக இருந்தவன், ஞாயிற்றுக்கிழமை வாசகம் தடுமாறாமல் வாசிக்கிறவன், பாடற்குழுவில் கீபோர்டும் தட்டுவான். “குருமடத்துல சேத்துவிட்டா செலவு மிச்சம்ல?” என்று மாமா ஒருவர் ஆரம்பித்து வைப்பார்.

பாதிரியாராகப் பயிற்சி தரும் குருமடம், செலவு மிச்சம் என்பதற்காகச் சேர்கிற இடமல்ல. ஆனால் கேள்வி நியாயமானதுதான். இறையியல், தத்துவம், தேவாலய இசை என்று மூன்று பாதைகள் இருக்கின்றன, மூன்றிலும் நம் பிள்ளைகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாடத்திட்டத்தை வைத்து ஒப்பிடுவதைவிட, படித்து முடித்தபின் வேலை யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இறையியல் படித்தவருக்கு வேலை திருச்சபையின் கையில். தத்துவக்காரருக்குப் போட்டித் தேர்வின் கையில். இசைக்காரருக்கு அவருடைய விரலிலும் ஊர்க்காரர்களின் பாக்கெட்டிலும். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இசையைப் பத்து வயதில் தொடங்க வேண்டும், தத்துவத்தைப் பதினெட்டில் எடுக்கலாம், இறையியலோ, ஒரு பல்கலைக்கழகப் பட்டம் வாங்கும்வரை காத்திருக்கும்.

இறையியல்: அனுப்புவது யார்?

வேதாளையில் 1549-இல் அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். இந்திய மண்ணில் உயிர்விட்ட முதல் இயேசு சபை மறைசாட்சி அவர். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்டார். அவருக்கு 1947-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. இந்த இரண்டு ஊருக்கும் நடுவே வளர்கிற பிள்ளையிடம் குருத்துவத்தைச் சம்பளக் கணக்கோடு பேசினால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் பேசத்தான் வேண்டும்.

கத்தோலிக்கப் பாதை நீளமானது. திருச்சபைச் சட்டப்படி குறைந்தது இரண்டு ஆண்டு தத்துவம், நான்கு ஆண்டு இறையியல். 25 வயது நிறைவதற்குள் குருப்பட்டம் இல்லை. நடைமுறையில் சிறு குருமடம், கல்லூரிப் பட்டம், களப்பணி ஆண்டு, திருத்தொண்டர் நிலை எல்லாம் சேர்ந்து ப்ளஸ் டூவுக்குப் பின் பத்தாண்டு ஓடிவிடும். செலவைப் பெரும்பாலும் மறைமாவட்டமோ துறவற சபையோ பார்த்துக்கொள்ளும். நம் பகுதி 1987-இல் உருவான சிவகங்கை மறைமாவட்டத்தில் வருகிறது.

சேர்க்கும்போது யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. ஆறாவது ஆண்டில் ‘இது எனக்கான அழைப்பு இல்லை’ என்று திரும்பி வந்தால் பையன் கையில் என்ன இருக்கும்? பல்கலைக்கழகப் பட்டம் ஒன்று இருந்தால் தலை நிமிர்ந்து வரலாம். குருமடத்தின் உள்சான்றிதழ் மட்டும் இருந்தால், 24 வயதில் மறுபடி முதல் வருடக் கல்லூரி மாணவன். திரும்பி வருவது பாவமும் இல்லை, அபூர்வமும் இல்லை. ஊர்ப்பேச்சுதான் அதைப் பெரிதாக்குகிறது. ஆகவே ஃபாதரிடம் தயங்காமல் கேளுங்கள்: “சாமி, தத்துவம் படிக்கிற வருசத்துல யுனிவர்சிட்டி டிகிரியும் கிடைக்குமா?”

சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபைப் பக்கம் கதை வேறு. மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி நமக்குப் பக்கம். தமிழிலேயே இறையியல் சிந்திப்பதற்குப் பேர்போன இடமும் அதுதான். பட்டம் தருவது, பல இறையியல் கல்லூரிகளை இணைத்துக்கொண்ட செராம்பூர் செனட். அதன் வேர் வங்காளத்தில் 1818-இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரி. அதற்கு டென்மார்க் மன்னர் 1827-இல் பட்டம் வழங்கும் உரிமை கொடுத்தார். 1918-இல் வங்காளச் சட்டமன்றம் தனிச்சட்டமே இயற்றியது. பி.டி. எனும் இறையியல் இளங்கலைப் படிப்பில் எபிரேயமும் கிரேக்கமும் உண்டு. வார இறுதியில் ஏதாவது ஒரு சபைக்குப் போய் ஊழியம் செய்ய வேண்டும்.

இங்கே முடிச்சு, திருமண்டலத்தின் (சி.எஸ்.ஐ. மறைமாவட்டத்தின்) சிபாரிசு. திருமண்டலம் தேர்ந்தெடுத்து அனுப்பியவருக்குத் திரும்பி வந்தால் இடம் இருக்கும். சொந்தச் செலவில் படித்தவர் பட்டத்தோடு வாசலில் நிற்க நேரலாம். அப்படி நிற்பவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை: வேதாகம மொழிபெயர்ப்பு, மருத்துவமனை ஆற்றுப்படுத்தல், தொண்டு நிறுவனம், செமினரி ஆசிரியர் பணி. எல்லாமே சில இடங்கள்தான், அங்கும் கைகாட்டிவிட ஆள் வேண்டும்.

நம் ஊரில் அதிகம் தெரியாத வேலை ஒன்று இருக்கிறது. இந்திய ராணுவம் மதபோதகர்களை ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர் தகுதியில் எடுக்கிறது. பண்டிட், மௌல்வி, கிரந்தி வரிசையில் பாதிரியாருக்கும் இடமுண்டு. குருப்பட்டம் வேண்டும், ஆயரின் ஒப்புதல் வேண்டும். கூடவே ஏதாவது ஒரு பாடத்தில் பல்கலைக்கழகப் பட்டமும் கேட்கிறார்கள். பட்டத்தை முதலில் வாங்குங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகவும்தான்.

தத்துவம்: ஏளனத்துக்கு ஆளாகும் பட்டம்

“தத்துவம் படிச்சு சாமியாராவா போகப் போற?” இந்த ஏளனத்தைக் கேட்காத தத்துவ மாணவர் கிடையாது. தாயுமானவர் சமாதி இராமநாதபுரத்தில் இருக்கிறது. சிகாகோ போய்த் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் இறங்கியபோது எதிர்கொண்டு வரவேற்றவர் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. அப்படிப்பட்ட மாவட்டத்தில் தத்துவப் பட்டத்துக்குப் பெண்கொடுக்க யோசிப்பார்கள்! மாநிலத்தின் பெரும்பாலான கல்லூரிகளில் இந்தத் துறையே இல்லை என்பதும் காரணம். நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மதுரைக்கு அப்பால் கருமாத்தூர் அருளானந்தர் கல்லூரி. சென்னை என்றால் கிறித்தவக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராதாகிருஷ்ணன் தத்துவ உயராய்வு நிறுவனம்.

வகுப்பில் என்ன நடக்கும்? ஒரு மாதிரி சொல்கிறேன். நியாய மரபின் ஐந்து உறுப்பு அனுமானம்: மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும், அடுக்களையில் போல, இந்த மலையிலும் அப்படிப்பட்ட புகைதான், ஆகவே நெருப்பு இருக்கிறது. பள்ளிக்கூட விளையாட்டு போலத் தெரியும். அடுத்த வகுப்பில் ஆசிரியர், தூரத்தில் தெரிவது புகையா பனியா என்று எப்படி முடிவுசெய்தாய் என்பார். அதிகாலையில் கடலுக்குப் போன பையனுக்கு அந்தக் கேள்வியின் கனம் சட்டென்று புரியும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் எல்லாத் துறையினருக்கும் பொதுவான முதல் தாளிலேயே இந்தப் பிரமாணங்கள், அதாவது அனுமானம் போன்ற அறியும் வழிகள், பாடமாக இருக்கின்றன. மற்ற துறைக்காரர் புதிதாக மனப்பாடம் செய்வதை இவர் முதல் வருடமே முடித்திருப்பார்.

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் ஆய்வு மாணவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கேட் (GATE) தேர்வின் ஹியூமானிட்டீஸ் தாளிலும் தத்துவம் ஒரு பிரிவு, ஐ.ஐ.டி.களின் ஹியூமானிட்டீஸ் துறைகளுக்கு அது ஒரு வாசல். குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் தத்துவத்தை விருப்பப்பாடமாக எடுக்கலாம், இரண்டு தாள், தலா 250 மதிப்பெண். குரூப் தேர்வுகளுக்கும் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கும் எந்தப் பட்டமும் போதும். கடலுக்குப் போய்க்கொண்டே மேலே படிக்க நினைப்பவருக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலை எம்.ஏ. தத்துவம் உண்டு.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் தத்துவம் பாடமே இல்லை. அதனால் பி.எட். முடித்து ஆசிரியராவது என்ற பழகிய வழி இதில் அடைபட்டிருக்கிறது. கல்லூரிப் பணியிடமும் குறைவு. தேர்வு எழுதச் சலிக்காத பிள்ளைக்கு மட்டும்தான் இதைச் சொல்வேன்.

இசை: ட்ரான்ஸ்போஸ் பட்டன் எனும் சத்துரு

1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு வழிவிட்டபின் கத்தோலிக்கக் கோயில்களில் தமிழ்ப்பாட்டு பெருகியது. சீர்திருத்தச் சபைகளிலோ தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்தே கீர்த்தனை ஓங்கி நின்றது. அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை அண்ணன் என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டையே வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். இவ்வளவு வளம் இருந்தும் தேவாலய இசைக்கென்று தனிப்பட்டம் இங்கே அபூர்வம். ஜெர்மனியில் இளங்கலை, முதுகலை என்று தேவாலய இசையையே படித்து, திருச்சபையில் முழுநேரச் சம்பளத்துக்கு அமர்கிறார்கள். நம் பங்குகளில் அன்பளிப்புதான். கல்யாணப் பூசை, அடக்கப் பூசை, திருவிழா நவநாள் என்று கைக்காசு வரும். தவக்காலத்தில் அதுவும் வற்றும்: கல்யாணம் வைக்க மாட்டார்கள், இசைக்கருவியும் பாட்டுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம்.

நம் பையன்கள் கெட்டிக்காரர்கள். வருகைப்பாடல் எந்தச் சுருதியில் ஏறினாலும் இரண்டு நொடியில் பிடித்துவிடுவார்கள். பிடிக்கிற விதம்தான் வில்லங்கம். எல்லாப் பாட்டையும் சி மேஜர் கட்டையில் வாசித்துவிட்டு, சுருதியைத் தானாக மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டு, மூன்று தட்டு ஏற்றிக்கொள்வார்கள். பூசைக்கு அது போதும். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வறையில் ஈ பிளாட் ஸ்கேலை விரலாலேயே வாசி என்பார்கள். பத்து வருடம் மேடையில் வாசித்தவரும் அங்கே வியர்ப்பார். பத்து வயதில் நோட்டேஷனோடு தொடங்கிய பிள்ளை பதினெட்டு வயதுக்குள் கடைசிப் படியான கிரேடு 8 தொடலாம். தனியார் பள்ளிகளில் இசை ஆசிரியர் வேலைக்கு அந்தச் சான்றிதழுக்கு மதிப்புண்டு. பதினெட்டில் தொடங்கினால் விரல் வளைய மறுக்கும்.

கர்நாடக வழி என்றால் இராமநாதபுரத்திலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, பட்டம் வேண்டுமென்றால் 1977-இல் தொடங்கிய திருச்சி கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி. கருவி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நம் உப்புக்காற்றில் கீபோர்டின் ஜாக்கும் அடாப்டர் முனையும் சீக்கிரம் களிம்பு பிடிக்கும். விலையுயர்ந்ததை வாங்கிக் கோயில் திண்ணையில் வைப்பதைவிட, நடுத்தரமானதை வாங்கி உறைபோட்டு வீட்டில் வைத்துப் பழகுவது மேல்.

இசையை மட்டுமே பட்டமாக எடுக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. மற்ற இரண்டில் எதை எடுத்தாலும் இசையை விடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். இசை தெரிந்த குருவுக்கும் போதகருக்கும் எந்தப் பங்கிலும் வரவேற்பு தனி.

பெண்பிள்ளை என்றால்

கணக்கு கொஞ்சம் மாறும். கத்தோலிக்கத்தில் குருப்பட்டம் இல்லை. இறையியல் படிக்கலாம், அருள்சகோதரியாகவோ பொதுநிலையினராகவோ கற்பிக்கலாம். சி.எஸ்.ஐ. 1970-களிலேயே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கியது. 2013-இல் புஷ்பா லலிதா நந்தியால் பேராயரானார். ஆனால் திருமண்டலத்தின் சிபாரிசு பெண்களுக்கு எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதை, ஏற்கெனவே ஊழியத்தில் இருக்கும் பெண் போதகர் ஒருவரிடம் தனியாக உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தத்துவத்தில் இந்தத் தடை ஏதும் இல்லை. தேர்வுத்தாளுக்கு ஆண், பெண் தெரியாது.

எந்தப் பாதையானாலும், ‘ஆறு மாதத்தில் இறையியல் டாக்டர் பட்டம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பைத் தொடாதீர்கள். சால்வையும் அங்கியும் போட்டுப் போட்டோ எடுத்துத் தருவார்கள். செராம்பூர் செனட்டோ, போப்பாண்டவரின் அங்கீகாரம் பெற்ற நிறுவனமோ, யு.ஜி.சி. பட்டியலில் உள்ள பல்கலைக்கழகமோ, பட்டத்தாளில் யார் பெயர் அச்சாகும் என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள். தடைக்காலத்தில் கடன் வாங்கிக் கட்டுகிற பணம் அது.