மடக்குப் பல்லாங்குழி: மூன்று பிள்ளைகளோடு மதுரையிலிருந்து வால்பாறை வரை

மலை ஊரில் தங்கப் போகிறவர்களுக்குப் பகல் ஒரு கவலையே இல்லை. அணை, ஆறு, தேயிலைத் தோட்டம் என்று பொழுது தானாக ஓடிவிடும். ஆறு மணிக்கு இருட்டுகிறதே, அதிலிருந்து ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கும்வரை இருக்கிற மூன்று மணி நேரம்தான் கஷ்டம். வால்பாறையில் அந்த நேரத்தில் பிள்ளைகளை வாசலில் விளையாட விடவும் முடியாது. சிறுத்தை நடமாடும் ஊர். அந்த மூன்று மணி நேரத்துக்காக நான் வாங்கிப்போன ஒரு பொருளைப் பற்றித்தான் எழுதுகிறேன். மரத்தில் செய்த மடக்குப் பல்லாங்குழி. விலை 650 ரூபாய்.

காலாண்டு விடுமுறையில் போனோம். வண்டியில் ஆறு பேர்: என் கணவர், நான், மாமியார், பதினொரு வயது மகள், ஏழு வயது மகன், ஒன்பது வயதில் என் அண்ணன் மகன். இந்த மூன்று வயதுக்கும் பொதுவாக ஒரு விளையாட்டுச் சாமான் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். போன வருஷம் காந்தம் வைத்த பயணப் பரமபதம் வாங்கினேன். காய்கள் மிளகு அளவுதான். முதல் நாளே இரண்டு காய் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. மகளுக்கு அது சின்னப் பிள்ளை விளையாட்டு, மகனுக்கோ பாம்பு கடித்தால் அழுகை. டேப்லெட்டில் கார்ட்டூன் இறக்கி எடுத்துப் போனால் யார் கையில் இருப்பது என்பதற்கே சண்டை.

பல்லாங்குழியை விரித்தால் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு என்று 14 குழிகள். நடுவில் கீல். மூடினால் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான மீன் வடிவப் பெட்டி. சோழிகளைத் துணிப்பையில் போட்டுக் குழிக்குள் வைத்து மூடிவிடலாம். குழிகள் நல்ல ஆழம், உள்பக்கம் வழுவழுப்பாக இழைத்திருக்கிறார்கள். ஏழு வயதுக் கை உள்ளே போய் அள்ளிவர இடம் இருக்கிறது. அதை நான் கடையிலேயே என் மகனை அள்ளச் சொல்லிப் பார்த்துத்தான் வாங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பக்கத்தில் இருந்த அழகான சின்னப் பலகையில் என் மூன்று விரலே நுழையவில்லை.

பையில் 72 சோழிகள் இருந்தன. குழிக்கு ஐந்து போட்டு ஆடினால் 70 போதும். என் மாமியார் ஆறு போட்டு ஆடிப் பழகியவர், அதற்கு 84 வேண்டும். "கல்யாணத்துக்கு எங்கம்மா சீர் வச்ச பல்லாங்குழியில நூறு சோழி இருந்துச்சு" என்றார். வீட்டில் கழுவிக் காயவைத்திருந்த புளியங்கொட்டையில் பன்னிரண்டு எடுத்துச் சேர்த்தோம். விற்கிறவர்கள் இன்னும் ஒரு கைப்பிடி சேர்த்துப் போட்டால் குறைந்தா போய்விடும்?

ஓடுகிற வண்டியில் இதை ஆட முடியுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பாதி முடியும். திண்டுக்கல் தாண்டி நல்ல சாலையில், எவர்சில்வர் தாம்பாளத்தைப் பிள்ளைகள் மடியில் வைத்து அதற்குள் பலகையை விரித்துக் கொடுத்தேன். சோழி தெறித்தாலும் தாம்பாளத்துக்குள்தான் விழும். ஒட்டன்சத்திரம் வரை ஆடினார்கள். அங்கே ஒரு வேகத்தடையில் நான்கு குழிச் சோழி ஒன்றாகக் கலந்தது. யாருடையது எத்தனை என்ற வழக்கு பழனி மலை கண்ணில் படும்வரை தீரவில்லை. அதோடு பலகையை மூடிவிட்டேன். வண்டி நிற்கும்போது ஆடுவதற்குத்தான் அது. டீ குடிக்க நிறுத்துகிற இடம், ரயில்வே கேட், சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் நேரம், இங்கெல்லாம் அருமையாக உதவியது.

ஆனால் சோழிப்பை மட்டும் வழியெல்லாம் வேலை செய்தது. முன்னால் போகிற வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்து ஊர் சொல்ல வேண்டும். புது எண்ணை முதலில் சொல்கிறவருக்கு ஒரு சோழி. டிஎன் 58, 59, 64 மூன்றும் எங்கள் மதுரை என்பதால் கணக்கில் கிடையாது. 57 திண்டுக்கல். உடுமலைப்பேட்டை நெருங்கும்போது 39, 42 என்று திருப்பூர் வண்டிகள். பொள்ளாச்சியில் 41. கேஎல் 09 என்று பாலக்காட்டு லாரி ஒன்று வந்ததும் மூன்று பேரும் கத்திய கத்தில் என் கணவர் பயந்து வேகத்தைக் குறைத்தார். பொள்ளாச்சியில் இளநீர் குடிக்க இறங்கியபோது அண்ணன் மகன் கையில் பதினான்கு சோழி. கைபேசியை ஒருவரும் கேட்கவில்லை.

ஆழியாறு சோதனைச் சாவடிக்கு மேல் மடியில் எதுவுமே கூடாது. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கண் மடியில் இருக்கிற பலகையையோ திரையையோ பார்த்துக்கொண்டிருக்கும், காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்போ உடம்பு திரும்புகிறது என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாமல்தான் வயிற்றைப் புரட்டுகிறது. என் மகள் சொல்பேச்சு கேட்காமல் என் கைபேசியில் படம் பார்த்துக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டாவது வளைவில் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. மற்ற இரண்டு பேரும் வளைவுக்கு வளைவு பலகையில் எழுதியிருக்கும் எண்ணைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. இறங்கி ஆழியாறு அணையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாறை ஓரத்தில் வரையாடுகள், தாயும் குட்டியுமாக நான்கு. நம் மாநில விலங்கு என்று பாடத்தில் படித்ததை மகன் நேரில் பார்த்தான். அதற்கு மேல் எந்த விளையாட்டுச் சாமானும் ஈடில்லை. புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள், சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் கடந்து போக. அங்கே வண்டியை ஓரம் கட்டி அரைமணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தின்பண்டம் மட்டும் காட்டாதீர்கள், குரங்குக்கு அது கெடுதல்.

நாங்கள் தங்கிய விடுதியின் பெயர் வேண்டாம். அறை சுத்தம், சாப்பாடு நன்றாக இருந்தது. 'குழந்தைகள் விளையாட்டு அறை' உண்டு என்று முன்பதிவில் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஸ்டிரைக்கர் இல்லாத கேரம் பலகை, காற்றில்லாத பந்து, சுவரில் ஒரு டிவி. பிள்ளைகள் முகம் விழுந்துபோனது. இப்படி ஒரு அறைக்கு ஆசை காட்டுவதைவிட இல்லை என்றே சொல்லியிருக்கலாம். சின்னப் பிள்ளைகள் அதை நினைத்துக்கொண்டு ஐந்தாறு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து வருகிறார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. கூழாங்கல் ஆற்றில் பிள்ளைகளைக் கணுக்கால் தண்ணீரில் நிற்க வைத்துவிட்டு உடனே திரும்பிவிட்டோம். மேலே மழை பெய்யும்போது மலை ஆற்றை நம்பக்கூடாது. ஆறரை மணிக்குக் கரண்ட் போனது. டிவி இல்லை, சிக்னல் இல்லை. வராந்தாவில் பாயை விரித்து, எமர்ஜென்சி விளக்கை வைத்து, என் மாமியார் பலகையைத் திறந்தார்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ளி ஆட்டத்தைத் தொடரலாம். அடுத்தது வெறுங்குழியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதையும் எதிர்க்குழியில் இருப்பதையும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்து இரண்டு குழி காலியென்றால் ஒன்றும் கிடையாது, எதிராளி ஆடுவார். நடுவில் எந்தக் குழியிலாவது நான்கு சோழி சேர்ந்தால் அது 'பசு', குழிக்குச் சொந்தக்காரர் உடனே எடுத்துவிட வேண்டும்.

"அப்பத்தா, உங்க குழியில பசு!"

"பாத்தியா, என் கண்ணுக்குத் தெரியல. நீதான்டா எனக்குக் கண்ணு."

வகுப்பில் கூட்டல் கணக்கென்றாலே கண்ணைக் கசக்குகிற பையன், எந்தக் குழியை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று விரலால் காற்றில் எண்ணிக்கொண்டிருந்தான். மூன்றாவது ஆட்டத்தில் மகள் அப்பத்தாவை ஜெயித்தாள். பக்கத்து அறைப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள், பிறகு இன்னும் இரண்டு பேர். ஏழு பிள்ளைகளுக்கு ஒரு பலகை. சாப்பாட்டுக்குச் சொல்ல வந்த விடுதி அண்ணன், "எங்க லைன் வீட்ல பாட்டி மண்ணுலயே குழி பறிச்சு ஆடும்" என்று உட்கார்ந்து ஒரு கை ஆடிவிட்டுத்தான் போனார். யானை பக்கத்தில் வந்தால் எரிகிற சிவப்பு விளக்குகளைப் பற்றி அவர்தான் பிள்ளைகளுக்குச் சொன்னார். கைபேசியிலிருந்தே எரிய வைக்கலாமாம். மற்ற இரண்டு ராத்திரியும் ஆட்டத்துக்கு நடுவே ஒருவர் மாற்றி ஒருவர் ஜன்னலுக்கு ஓடிச் சிவப்பு தெரிகிறதா என்று பார்த்தார்கள்.

இனிக் குறைகள். மூன்றாம் நாள் கீலின் ஒரு திருகாணி கழன்று வந்துவிட்டது. மரம் மெல்லியது, ஆணி அதைவிடச் சின்னது. ஊருக்கு வந்து தச்சரிடம் கொடுத்துப் பித்தளைக் கீல் போட 80 ரூபாய் ஆனது. கடையில் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள், ஆனால் பையன் விடமாட்டேன் என்றான். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் சோழியை வெளியே விடாதீர்கள், வாயில் போட்டால் ஆபத்து. மூன்று பேர் இருந்தால் ஒருவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, இது பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்கிற சாமான் இல்லை. முதல் இரண்டு ஆட்டமாவது ஆடத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும். எங்களுக்கு மாமியார் இருந்தார். யாருக்கும் தெரியாத வீடு என்றால் புறப்படும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆடிப் பழகிக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்று கீலுக்காகக் குறைத்தது. அண்ணன் வீட்டுக்கு ஒன்று வேண்டுமென்று மருமகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அடுத்த வாரம் வாங்கப் போகிறேன், திருகாணியை ஆட்டிப் பார்த்து.