ஏஐ ஏஜென்ட்டுக்கு சர்வர் டூல்: ரீட்மீயா, டூல் டிஸ்கிரிப்ஷனா?

நாகர்கோவில்ல நம்ம டீம் எஸ்எஸ்ஹெச் (தூரத்துல உள்ள கம்ப்யூட்டருக்குள்ள பத்திரமா நுழையுற முறை) வழியா சர்வருக்குள்ள போற ஒரு டூல் செஞ்சு ஏஜென்ட் (டூல எடுத்து தானா வேல செய்ற ஏஐ) கையில குடுத்தாச்சு, இனி டாக்குமென்ட்ட எங்க எழுதணும்னு தான் பேச்சு.

ரீட்மீ, அதாவது டூல் கூட வைக்கிற விளக்க ஃபைல், மனுஷனுக்கு சுகம். ஆனா ஏஜென்ட் அத தொறந்து படிச்சா தான் உண்டு.

எம்சிபி (ஏஐயையும் டூலையும் இணைக்கிற பொது முறை) வழியா குடுக்கிற டூல் டிஸ்கிரிப்ஷன், அதாவது டூல பத்தின சின்ன குறிப்பு, அப்படி இல்ல மக்கா, அது பொதுவா மாடலுக்க முன்னாடியே கிடக்கும், டோக்கனும் (மாடல் படிக்கிற எழுத்துத் துண்டு) தின்னும், அதனால நீட்டி எழுதாம, டைம்அவுட் எவ்வளவு, சூடோ (அட்மின் அதிகாரத்துல ஓட்டுற கமாண்ட்) பாஸ்வேர்ட் கேட்டா அப்படியே தொங்கி நிக்குமா, எக்ஸிட் கோட் (கமாண்ட் முடியும்போ திரும்ப வர்ற எண்) 255 வந்தா பெரும்பாலும் கனெக்‌ஷன் தான் போச்சு, மத்ததெல்லாம் ரிமோட் கமாண்டுக்க கோடு, இத மட்டும் போடணும். (ஃபைல அழிக்காதேன்னு எழுதுனா அது பூட்டு ஆவாது, பெர்மிஷன சர்வர்ல தான் குறைக்கணும்.)

எனக்க ஓட்டு டிஸ்கிரிப்ஷனுக்கு. கீ செட்டப், இன்ஸ்டால் எல்லாம் ரீட்மீல கிடக்கட்டு.