நாலு கேமரா பிஓஇ கிட்: படத்துக்கு எட்டு மார்க், பூட்டுக்கு மூன்று

பாண்டி நேரு வீதியிலோ கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ போய் "வீட்டுக்கு சிசிடிவி போடணும்" என்று சொன்னால் முதலில் எடுத்து வைக்கப்படுவது இந்த வகைதான். 4 மெகாபிக்சல் புல்லட் கேமரா நான்கு, ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் போகும் பிஓஇ போர்ட்டுடன் எட்டு சேனல் என்விஆர் (பதிவுப் பெட்டி) ஒன்று, 18 மீட்டர் கேபிள் நான்கு, ஒரு மவுஸ். ஹார்ட் டிஸ்க்குக்குத் தனிக் காசு. பெட்டியின் மேல் உள்ள பெயரை இங்கே எழுதவில்லை. உள்ளே இருக்கும் ஒரே சர்க்யூட் பலகையும் ஒரே மென்பொருளும் பல பெயர்களில் விற்கின்றன. ஒரு பெயரைச் சொன்னால், அதைத் தவிர்த்துவிட்டு அடுத்த பெயரில் வரும் அதே சரக்கை வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

படம் கொடுத்த காசுக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் உடம்பு உப்புக்காற்றைத் தாங்காது. அதைச் சில நூறு ரூபாயில் சரிசெய்துவிடலாம். பாதுகாப்பு, பெட்டியில் வந்தபடியே விட்டால், படுமோசம். மூன்றாவதை விளம்பரத்தில் யாரும் பேசுவதில்லை என்பதால் இந்த விமர்சனத்தில் பாதி அதற்குத்தான்.

முதலில் படம். 2560 பிக்சல் அகலம். ஒரு முகத்தை "இவர்தான்" என்று அடையாளம் சொல்ல மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது இத்துறையின் பொது அளவுகோல். கூட வரும் 2.8 மிமீ லென்ஸ் சுமார் 100 டிகிரி பார்க்கும். கணக்குப் போட்டால் முகம் தெரிவது நாலேகால் மீட்டர் வரைதான்; அதற்கப்பால் ஆள் வந்தார் என்று தெரியும், யார் என்று தெரியாது. வாசல், திண்ணை, மாடிப்படிக்கு இது போதும். தெருக்கோடி வரை தெரிய வேண்டுமென்றால் ஒரு கேமராவை மட்டும் 6 மிமீ லென்ஸாக மாற்றித் தரச் சொல்லுங்கள். சுமார் 11 மீட்டர் வரை முகம் கிடைக்கும், பார்வை அகலம் பாதியாகும். நாலும் 2.8 வாங்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. இரவில் வண்டி நம்பர் பிளேட் தெரியும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். கேமராவின் ஐஆர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு) ஒளியில் பிளேட் வெறும் வெள்ளைப் பட்டையாகத்தான் விழும்.

வைஃபை கிட் ஏன் வேண்டாம் என்பதற்கு ஊரே பதில். பாண்டி வெள்ளை நகரத்துப் பழைய வீடுகளின் தடித்த செங்கல் சுவரில் இரண்டு தாண்டுவதற்குள் சிக்னல் செத்துவிடும். அதைவிட முக்கியம்: கேமராவுக்கும் ரௌட்டருக்கும் இருக்கும் வைஃபை தொடர்பை வெளியில் நின்றபடியே சில நூறு ரூபாய்ப் பலகையால் அறுத்துவிடலாம். கேபிளை அறுக்க ஏணி வேண்டும்.

அந்தக் கேபிளைப் பற்றி இரண்டு வார்த்தை. கூட வருவது பெரும்பாலும் செப்பு முலாம் பூசிய அலுமினியம். ஒரு முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அதுதான். சுத்தச் செம்பைவிட மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 18 மீட்டருக்குப் பிரச்சினை இல்லை. பின்கட்டு வரை 60, 70 மீட்டர் இழுத்தால், பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் கேமரா இருட்டியதும் அணைந்து அணைந்து எழும். ஐஆர் விளக்கு எரியத் தொடங்கியதும் கூடுதல் மின்னோட்டம் ஓடி, முனையில் வோல்டேஜ் இறங்குவதுதான் காரணம். கேமரா பழுது என்று மாற்றிக் கொடுப்பார்கள், புதியதும் அதையே செய்யும். சுத்தச் செம்பு கேட் 6 வாங்கி விடுங்கள்.

உப்புக்காற்று வேறு கதை. கேமரா உடலுக்குத் தூசியும் நீரும் புகாது என்ற ஐபி66 சான்று இருக்கிறது. ஆனால் வாலில் தொங்கும், கேபிளைச் செருகும் ஆர்ஜே45 இணைப்புக்கு அந்தச் சான்று பொருந்தாது. தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ வெட்டவெளியில் விட்டால் ஒரு வடகிழக்குப் பருவமழைக்குள் பின்கள் பச்சை பூத்துவிடும். ஈரம் மட்டும் காரணமில்லை: உப்பு ஈரத்தின் மேல் 48 வோல்ட் நேர்மின்னோட்டம் இரவும் பகலும் நிற்பதால் பின்கள் அரித்துக் கரைகின்றன. இணைப்பைப் பிவிசி ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைக்க வேண்டும். செருகும் முன் பின்களில் சிலிக்கான் கிரீஸ், செருகிய பின் மேலே தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கூட வரும் இரும்பு ஸ்க்ரூவைத் தூக்கிப் போட்டுவிட்டு 316 ரக ஸ்டெயின்லெஸ் போடுங்கள். கண்ணாடியில் உப்பு படிந்தால் இரவுப் படம் பனி மூடியதுபோல் வெளுக்கும். நல்ல தண்ணீர் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். ஐஆருக்கு வரும் பூச்சியும், பூச்சிக்கு வரும் சிலந்தியும்தான் நள்ளிரவு 'மோஷன்' எச்சரிக்கைகளில் முக்கால்வாசி.

இனி பூட்டு. பெட்டியைத் திறந்ததும் இணையத்தில் செருகாதீர்கள். என்விஆரை ஒரு லேப்டாப்போடு மட்டும் இணைத்து, என்மேப் என்ற சோதனை மென்பொருளால் எல்லாப் போர்ட்டையும் (வலைவழியாக உள்ளே நுழையும் எண்ணிட்ட வாசல்கள்) ஒருமுறை தட்டிப் பாருங்கள். இந்த வகைப் பலகைகளில் 80, 554, 34567 திறந்திருப்பது வழக்கம். 23 அல்லது 9527 திறந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவை தொலைவிலிருந்து கட்டளையிடும் டெல்நெட்டும் பிழைதிருத்த வாசலும். அட்மின் கடவுச்சொல்லை மாற்றினாலும் அவற்றின் கடவுச்சொல் மாறாது, ஏனென்றால் அது மென்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும். 2016 அக்டோபர் 21 அன்று இணையப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் (Dyn) நிறுவனத்தின் சர்வர்கள் முடங்கி, ட்விட்டர் முதல் நெட்ஃப்ளிக்ஸ் வரை அமெரிக்காவில் நின்றுபோனது இப்படிப்பட்ட கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் மிராய் என்ற நிரல் வளைத்துப் போட்டதால்தான். அதனிடம் இருந்ததெல்லாம் அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் ஜோடிகள்.

பயனர் பட்டியலையும் பாருங்கள். ஷியோங்மாய் என்ற சீன நிறுவனத்தின் பலகைகளில் 'டிஃபால்ட்' என்றொரு மறைவான கணக்கு இருப்பதையும், அந்த ஆங்கிலச் சொல்லைத் திருப்பி எழுதினால் அதுதான் அதன் கடவுச்சொல் என்பதையும் எஸ்இசி கன்சல்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 2018இல் வெளியிட்டது. பெரிய பெயர் வாங்கினாலும் நிம்மதி தானாக வந்துவிடாது: 2021இல் ஹிக்விஷன் கேமராக்களில் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே ஆணை இட முடிந்த ஓட்டை வெளிவந்தது. வித்தியாசம், அவர்கள் திருத்திய ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) வெளியிட்டார்கள். இந்தப் பெயரற்ற கிட்டுக்கு ஃபர்ம்வேர் எங்கே கிடைக்கும் என்று கடையில் கேட்டால் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

"என் வீட்டு வாசலைப் பார்த்து ரஷ்யாக்காரன் என்ன செய்யப் போகிறான்" என்று கேட்பவர்களுக்கு: 2024 ஜனவரி 2ஆம் தேதி கீவ் நகர் மீது நடந்த தாக்குதலின்போது, பால்கனியில் இருந்த குடியிருப்புக் கேமரா உட்பட இரண்டு கேமராக்களை ரஷ்ய உளவுத்துறை திருப்பி, வான் பாதுகாப்பையும் நகரின் முக்கியக் கட்டமைப்பையும் நோட்டம் விட்டதாக உக்ரைனின் உள்நாட்டு உளவு அமைப்பான எஸ்பியு சொன்னது. போர் தொடங்கியதிலிருந்து சுமார் 10,000 ஐபி கேமராக்களைத் தாங்களே முடக்கியதாகவும் அதே அறிக்கையில் இருந்தது. 2025 ஜூனில் இஸ்ரேலில் ஈரானிய ஏவுகணைகள் விழுந்தபோது, எங்கே விழுந்தது என்று பார்த்து அடுத்த குறியைத் திருத்த ஈரான் தனியார் கேமராக்களுக்குள் நுழைகிறது என்று இஸ்ரேலின் முன்னாள் இணையப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வானொலியில் எச்சரித்தார். அதற்கு முந்தைய மாதம் அமெரிக்காவும் கூட்டாளி நாடுகளும் வெளியிட்ட அறிவிக்கை, ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவு கையாண்ட வழியை விவரிக்கிறது: ஆர்டிஎஸ்பி வாசலில் போய்த் தெரிந்த கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஆர்டிஎஸ்பி என்பது கேமராப் படத்தை நேரலையாக அனுப்பும் முறை, மேலே சொன்ன அதே 554. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, 2025 ஏப்ரல் 26 அன்று, ராணுவ நடமாட்டத்தை நேரலையில் காட்டாதீர்கள் என்று தொலைக்காட்சிகளுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது. பாண்டியின் தேங்காய்த்திட்டு துறைமுகம் தெரியும் மொட்டைமாடியில் கடவுச்சொல் மாற்றாத கேமரா இருந்தால் அதுவும் நேரலைதான், சேனல் பெயர் மட்டும் இல்லை.

போர் இல்லாமலே நடப்பது இன்னும் அசிங்கம். 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் டெலிகிராமில் விலைக்குப் போனது இந்த மாதிரிக் கடவுச்சொல் சோம்பலில்தான்.

நல்ல விஷயம், இந்தக் கிட்டின் வடிவமே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது. கேமராக்கள் என்விஆரின் பிஓஇ போர்ட்டில் செருகப்படுவதால் அவை தனி உள்வலையில் இருக்கும். நேராக இணையம் போக வழியில்லை. ஆகவே காவல் போட வேண்டியது என்விஆர் ஒன்றுக்குத்தான். கருவி தானாகவே ரௌட்டரில் வாசல் திறந்துகொள்ளும் யுபிஎன்பியை என்விஆரிலும் ரௌட்டரிலும் இரண்டு இடத்திலும் அணையுங்கள். ஒன்றில் மட்டும் அணைத்துவிட்டு மற்றதை மறப்பது சகஜம். தயாரிப்பாளரின் சர்வர் வழியாக மொபைலில் படம் காட்டும் பி2பி கிளவுடை அணையுங்கள். பிறகு நெட்வொர்க் பக்கத்தில் கேட்வே முகவரியை வெறுமையாக விடுங்கள், அல்லது இல்லாத முகவரி ஒன்றைப் போடுங்கள். வெளியே போகும் வழி தெரியாத பெட்டியால் யாரையும் கூப்பிட முடியாது.

அப்புறம் மொபைலில் எப்படிப் பார்ப்பது? இங்கேதான் பலர் பின்வாங்கி க்யூஆர் ஸ்கேன் செய்து பி2பிக்கே போய்விடுகிறார்கள். பல ஃபைபர் இணைப்புகளில் ஐபிவி4 முகவரி பலருக்கும் பொதுவாகப் பகிரப்படுவதால் வெளியிலிருந்து நேராக என்விஆருக்கு வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. பாதுகாப்புக் கோணத்தில் அது நல்லதே. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெர்ரி பையிலோ டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளை நிறுவி, அதை சப்நெட் ரௌட்டராக (வீட்டு வலைக்குள் வழிவிடும் கருவியாக) வைத்தால் போதும். அது தன் உள்ளூர் முகவரியிலேயே என்விஆரிடம் பேசுவதால், கேட்வே வெறுமையாக இருந்தாலும் படம் வரும். ஒன்று இழப்பீர்கள்: பி2பி வழியாக வரும் 'ஆள் வந்தார்' அறிவிப்பு வராது. இன்னொன்று கெடும்: நேரம். இணையம் இல்லாத என்விஆரின் கடிகாரம் மெல்ல விலகும். அதே லேப்டாப்பை நேரம் சொல்லும் என்டிபி சர்வராகவும் வைத்துவிட்டால் தீர்ந்தது.

பொருத்த வரும் ஆளிடம் ஒரு கண் இருக்கட்டும். வாடிக்கையாளரின் செல் நம்பரையே கடவுச்சொல்லாகப் போட்டு, அட்மின் கணக்கைத் தன் போனில் வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் சாதாரணம். "சார், பிராப்ளம் வந்தா நானே அங்கேர்ந்து பாத்துக்கறேன்" என்பார். சர்வீஸ் நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனாலும் அவர் போன பிறகு கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய கேமரா வாங்குபவர்களுக்கும் இதே சிக்கல்: முந்தைய உரிமையாளரின் கணக்கோடு கட்டியே இருக்கும்.

சான்றைப் பற்றி. 2024 ஏப்ரல் 9 அறிவிப்பின்படி சிசிடிவிக்குப் பாதுகாப்பு அடிப்படைத் தேவைகள் வந்து, அவை 2025 ஏப்ரல் 9 முதல் கட்டாயமாகின. யுஏஆர்டி போன்ற பிழைதிருத்த இணைப்புகள் மூடப்பட்டிருக்கிறதா, ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி இருக்கிறதா என்பதெல்லாம் அதில் சோதிக்கப்படும். பெட்டியில் ஸ்டிக்கர் இருந்தால் மட்டும் போதாது. ஆர் எனத் தொடங்கும் பதிவெண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டு, மாடல் எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். கேமராவுக்கு மத்திய அரசின் எஸ்டிக்யூசி சோதனைச் சான்றும் கேளுங்கள். பழைய கையிருப்பை இறக்கிவிட விலை குறைத்திருந்தால் அது இங்கேதான் தெரியவரும்.

டிஸ்க் கணக்கு எளிது. ஒரு கேமரா எச்.265 என்ற சுருக்க முறையில் 2 எம்பிபிஎஸ் என்றால் நாளுக்கு 21.6 ஜிபி, நாலுக்கும் 86 ஜிபி. 2 டிபி போட்டால் 23 நாள் நிற்கும். சாதா டெஸ்க்டாப் டிஸ்க் வேண்டாம், கண்காணிப்புக்கென்று வரும் ரகம் வாங்குங்கள். மொத்த மின்செலவு 40 வாட் சுற்று என்பதால் 600 விஏ யுபிஎஸ் ஒரு மணி நேரம் தாங்கும். 2024 நவம்பர் ஃபெஞ்சல் மாதிரி புயலில் கரண்ட் போனால் அது எந்த மூலைக்கு?

திருட்டு நடந்து பதிவைக் காவல் நிலையத்தில் கொடுக்க நேர்ந்தால், மொபைலில் திரையைப் படம் பிடித்துக் கொண்டு போகாதீர்கள். என்விஆரிலிருந்து மூலக் கோப்பையே பென் டிரைவில் இறக்கி, விண்டோஸின் 'செர்ட்யூட்டில்' (certutil) கட்டளையால் அதன் எஸ்ஹெச்ஏ256 ஹாஷை (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) எடுத்துக் குறித்து வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் அந்த ஹாஷைக் கேட்கிறார்கள். சான்றிதழின் ஏ பகுதியைக் கருவியின் பொறுப்பாளராக நீங்கள் நிரப்ப வேண்டும், பி பகுதி நிபுணருக்கு.